ஜூரி முடிவு சொன்ன பிறகும் மறுவிசாரணையா? மருத்துவ அலட்சிய வழக்குகளில் நீதிபதியின் அதிகாரம்

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் இருக்கும் அக்கா குடும்பம் ஒரு மருத்துவமனை மீது மருத்துவ அலட்சிய வழக்கு போட்டது. ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அவர்கள் பக்கம் முடிவு சொல்லி, இழப்பீட்டுத் தொகையும் அறிவித்தது. சில வாரம் கழித்து நீதிபதி அதை ரத்து செய்து, புது ஜூரியை வைத்து முதலிலிருந்து விசாரணை நடக்கட்டும் என்று உத்தரவிட்டுவிட்டார். "அத்தனை பேர் உட்கார்ந்து கேட்டுச் சொன்னதை ஒரே ஆள் எப்படி அழிக்கலாம்? மருத்துவமனைக்காரர்கள் யாரையாவது கவனித்துவிட்டார்களா?"

கவனித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த அதிகாரம் இங்கிலாந்து நீதிமன்றங்களிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. ஜூரி முறையோடு சேர்ந்தே வந்தது. 1791-ல் ஏற்கப்பட்ட ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம் சிவில் வழக்குகளில் ஜூரி உரிமையைக் காப்பாற்றுகிறது. ஜூரி முடிவு செய்த ஒன்றை எந்த நீதிமன்றமும் மறுபடி கிளறக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் கூடவே "பொதுச்சட்ட (பழைய ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டம்) விதிகளின்படி அல்லாமல்" என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மறுவிசாரணை அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தத் திருத்தம் மத்திய நீதிமன்றங்களைத்தான் கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல. மருத்துவ வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில் நடப்பவை. அதனால் எந்த மாநிலம் என்பதைப் பொறுத்து நிறைய மாறும்; நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆகவே பல மாநிலங்களைத் தொட்டே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜூரி முடிவு வந்த பிறகு தோற்ற தரப்பு வழக்கமாக இரண்டு கோரிக்கைகளை ஒரே மூச்சில் வைக்கும். ஒன்று, "இந்த முடிவைத் தாங்க ஆதாரமே இல்லை, எங்கள் பக்கமே தீர்ப்பு எழுதுங்கள்" என்பது. இது கிடைத்துவிட்டால் வென்றவர் தோற்றவர் ஆகிவிடுவார், அத்தோடு கதை முடிந்தது. அதனால் இதற்கான அளவுகோல் மிகக் கடுமை: நியாயமாக யோசிக்கும் எந்த ஜூரியும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று இருக்க வேண்டும். சாட்சி சொன்னதை நம்பலாமா என்று நீதிபதி பார்க்கவே கூடாது. இரண்டாவது கோரிக்கைதான் மறுவிசாரணை. இதில் யாரும் ஜெயிப்பதில்லை, யாரும் தோற்பதில்லை. வேறொரு ஜூரி கேட்கப்போகிறது, அவ்வளவுதான். அதனால் இங்கே நீதிபதிக்கு அதிகாரம் கொஞ்சம் அதிகம். மத்திய நீதிமன்றங்களில் அவர் சாட்சிகளை எடைபோட்டே பார்க்கலாம். உங்கள் அக்காவுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை உத்தரவு. முதல் வகையோடு ஒப்பிட்டால் இது ஆறுதல்தான், இப்போது அப்படித் தோன்றாது என்றாலும்.

சாட்சியங்களை எடைபோடும் இந்த அதிகாரத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, தற்செயலாக, ஒரு மருத்துவரைச் சுற்றியே வந்தது. 1941-ல் ஏட்னா காப்பீட்டு நிறுவனத்துக்கும் யேட்ஸ் என்ற மருத்துவருக்கும் இடையே நடந்த வழக்கு. சட்டவிரோதக் கருக்கலைப்பு என்று குற்றம் சாட்டப்பட்ட சிகிச்சைக்குத் தன் பாலிசி பொறுப்பாகுமா என்பது நிறுவனத்தின் பிரச்சினை. அதில் நீதிபதி ஜான் பார்க்கர் எழுதியது இன்றுவரை நிற்கிறது: முடிவைத் தாங்கக் கணிசமான ஆதாரம் இருந்தாலும்கூட, அது சாட்சியங்களின் தெளிவான எடைக்கு எதிராகப் போனாலோ, பொய்ச் சாட்சியத்தின் மேல் நின்றாலோ, அதை அப்படியே விட்டால் அநீதி ஆகும் என்றாலோ விசாரணை நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம், அது அவருடைய கடமையும்கூட. ஜூரியில் வழக்கமாகப் பன்னிரண்டு பேர்; "பதின்மூன்றாவது ஜூரர்" என்று வக்கீல்கள் நீதிபதியைக் கிண்டலாகச் சொல்வது இதை வைத்துத்தான். நியூயார்க்கில் வேலி இன்னும் உயரம். சாட்சியங்களை எந்த நியாயமான கோணத்தில் பார்த்தாலும் இப்படி ஒரு முடிவு வந்திருக்காது என்றால்தான் அங்கே தள்ள முடியும்.

என் கணிப்பில், மருத்துவ வழக்கில் நீதிபதிகள் மிகவும் தயங்க வேண்டிய காரணமும் இந்த எடை விவகாரம்தான். இரண்டு பக்கமும் தகுதி வாய்ந்த நிபுணர்கள் ஏறி உட்கார்ந்து, நேர் எதிராகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரை நம்புவது என்பது ஜூரியின் வேலை. அதில் கைவைத்தால் நீதிபதி தானே மூன்றாவது நிபுணர் ஆகிவிடுகிறார். நடைமுறையில் மறுவிசாரணை உத்தரவுகள் நிலைத்து நிற்பது பெரும்பாலும் வேறு காரணங்களால்: விசாரணை நடந்த விதத்தில் ஏதோ கெட்டுப்போயிருக்கும்.

எப்படிக் கெடும் என்பதற்குப் பிலடெல்பியாவில் நடந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கலாம். 2007-ல் ஒரு பெண்மணி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. சுமார் 20 மாதம் கழித்துப் புற்றுநோய் தெரியவந்தபோது முற்றியிருந்தது; 2009-ல் இறந்துவிட்டார். 2012 விசாரணைக்கு முன்பே நீதிபதி ஒரு கட்டளை போட்டார்: அவர் புகைபிடித்ததைப் பற்றி ஜூரி முன் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காரணம் புரிகிறதல்லவா? வழக்கு புற்றுநோய் ஏன் வந்தது என்பதைப் பற்றியது அல்ல, தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்பதைப் பற்றியது. "சிகரெட் பிடித்தார், அனுபவித்தார்" என்ற எண்ணம் ஒருமுறை ஜூரியின் மனதில் விழுந்தால் பிறகு எடுக்க முடியாது. விசாரணையில் பிரதிவாதி வக்கீல் தன் நிபுணரைப் பார்த்து, நோயாளிக்கு இதய நோய் அபாயக் காரணிகள் ஏதும் உண்டா என்று கேட்டார். நிபுணர் எடுத்த எடுப்பிலேயே, அவர் புகைபிடிப்பவர் என்று சொல்லிவிட்டார்.

ஜூரி கொடுத்தது 1,90,000 டாலர். நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது ஜூரி கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரே ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்று இந்த இரண்டு தொகைகளே சொல்லிவிடும். இரண்டு ஜூரிகள் ஒரே மாதிரி யோசிப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், ஆனாலும் பத்து மடங்கு வித்தியாசம். இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அந்த வக்கீல் நிபுணரை எச்சரிக்கவே இல்லை என்று கருதிய நீதிபதி, முதல் விசாரணை வீணானதற்காக அவர் மீது 9 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தார். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. வக்கீல் உலகம் அப்போதுதான் மூச்சுவிட்டது.

கவனியுங்கள், இங்கே மறுவிசாரணை கேட்டுப் பெற்றது நோயாளியின் குடும்பம். ஜூரி என்றாலே மருத்துவர்களுக்கு எதிராக அள்ளிக் கொடுப்பவர்கள் என்று நம்மவர்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மிசௌரி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிலிப் பீட்டர்ஸ் கண்டது இதற்கு மாறானது. அலட்சியத்துக்கு ஆதாரம் பலவீனமான வழக்குகளில் மருத்துவர்கள் 80 முதல் 90 சதவீதம் வென்றார்கள், இரண்டும் கெட்டான் வழக்குகளில் சுமார் 70 சதவீதம், ஆதாரம் வலுவாக இருந்தபோதும் ஏறக்குறைய பாதி. ஆக, முடிவை ரத்து செய்யுங்கள் என்று கதவைத் தட்டுபவர்களில் நோயாளிகளும் கணிசமாக இருப்பார்கள்.

தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. எந்த நீண்ட விசாரணையிலும் சின்னச் சின்னத் தவறுகள் இருக்கும். அந்தத் தவறு முடிவைப் பாதித்ததா என்பதுதான் கேள்வி. மத்திய விதிகளில் 61-ஆம் விதி இதையே சொல்கிறது, மாநிலங்களிலும் இதே போன்ற விதி உண்டு. அயோவா மாநில வழக்கு ஒன்றில் இது நன்றாகத் தெரிகிறது. பிரசவத்தில் குழந்தையை உறிஞ்சி இழுக்கும் வாக்குவம் கருவி பயன்படுத்தப்பட்டது. குழந்தைக்கு மூளை பாதிப்பு. 2022-ல் ஜூரி 9.74 கோடி டாலர் கொடுத்தது, மருத்துவ அலட்சிய வழக்குகளில் அந்த மாநிலம் அதுவரை கண்டிராத தொகை. பிரதிவாதியான மகப்பேறு கிளினிக் மேல்முறையீடு செய்தது. பிரச்சினை, கருவியோடு உற்பத்தியாளர் வைக்கும் குறிப்புத்தாள். "இந்தச் சூழ்நிலையில் பயன்படுத்தாதீர்கள்" என்ற எச்சரிக்கை அதில் இருக்கும். எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாததால் அது செவிவழிச் சாட்சியம். அதை ஜூரியிடம் கொடுத்தது தவறு என்று 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. பார்ப்பவருக்கு ஒரு துண்டுத் தாளுக்காகவா என்று தோன்றும். ஆனால் கருவியைச் செய்தவனே கூடாது என்று எழுதியிருக்கிறான் என்பதைவிட வலுவான வாதம் ஜூரி முன் என்ன இருக்க முடியும்? பாதிப்பு இல்லாத தவறு என்று அதைத் தள்ள முடியாது.

அப்புறம் ஜூரிக்கு நீதிபதி படிக்கும் அறிவுறுத்தல்கள். விசாரணை முடிந்ததும் "சட்டம் இதுதான், இதை வைத்து முடிவு செய்யுங்கள்" என்று நீதிபதி வாசிப்பார். அதில் ஒரு முக்கியமான வரி பிசகினாலும் மேலே போனால் முடிவு விழலாம். பென்சில்வேனியாவில் நெடுநாள் ஒரு வரி புழக்கத்தில் இருந்தது: மருத்துவர் உரிய கவனத்தோடு நடந்திருந்தால், முடிவெடுப்பதில் நேர்ந்த தவறுக்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவர் எடுக்கும் எல்லா முடிவுமே கணிப்புதான். அந்த வரியைக் கேட்ட ஜூரர், மருத்துவர் கவனக்குறைவாக முடிவெடுத்தாலும் மன்னிக்க வேண்டும்போல என்று எடுத்துக்கொள்வார். 2009-ல் பிரிங்கிள் வழக்கில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அறிவுறுத்தல் மருத்துவ வழக்குகளில் கூடாது என்று சொல்லி, மருத்துவர் வென்றிருந்த முடிவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2014-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதே வகை வழக்கு ஒன்றில் மறுவிசாரணையை உறுதி செய்தது.

ஜூரர்களின் நடத்தை பற்றிப் பலர் கேட்பார்கள். "ஒரு ஜூரர் எங்களிடம் பேசினார், உள்ளே என்னென்னவோ நடந்ததாம், அதை வைத்து ரத்து செய்யலாமா?" பெரும்பாலும் முடியாது. ஆலோசனை அறைக்குள் நடந்த பேச்சை வெளியே கொண்டுவர முடியாதபடி சட்டம் பூட்டு போட்டிருக்கிறது. ஆளுக்கொரு தொகை எழுதிக் கூட்டி வகுத்தோம், சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோம், அவர் கத்தினார், நான் பயந்து ஒத்துக்கொண்டேன் என்று பிறகு சொல்வதெல்லாம் செல்லாது. பூட்டுக்கு வெளியே இருப்பவை வேறு: ஜூரர் இணையத்தில் நோயைப் பற்றித் தேடி மற்றவர்களிடம் சொன்னது, வெளியாள் யாராவது வந்து பேசியது. ஜூரித் தேர்வின்போது பொய் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு வழி, ஆனால் குறுகலான வழி. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு நிபந்தனை வைத்தது: முக்கியமான கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும், உண்மையைச் சொல்லியிருந்தால் அவரை நீக்கத் தகுந்த காரணம் இருந்திருக்கும் என்றும் காட்ட வேண்டும். "உங்கள் குடும்பத்தில் யாராவது மருத்துவமனை மீது வழக்கு போட்டதுண்டா?" என்ற கேள்விக்குக் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தால் வழி உண்டு. ஆலோசனை அறையில் அவரே அதைச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து மத்திய நீதிமன்றத்தில் காட்ட முடியாது. 2014-ல் வார்கர் வழக்கில் அந்த வழியையும் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது.

முடிவுப் படிவமே தனக்குத்தானே முரண்படுவதும் உண்டு. மருத்துவ வழக்கில் ஜூரியிடம் படிப்படியாகக் கேள்விகள் இருக்கும். மருத்துவர் ஏற்கத்தக்க தரத்திலிருந்து விலகினாரா? ஆம். அந்த விலகல் பாதிப்புக்கு முக்கியக் காரணமா? இல்லை. இது முரண் போலத் தெரிந்தாலும் பல சமயம் முரண் அல்ல. மருத்துவர் தாமதித்தார், ஆனால் தாமதிக்காவிட்டாலும் நோயாளி பிழைத்திருக்க மாட்டார் என்று ஜூரி நினைத்திருக்கலாம். இரண்டு கேள்விகளும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடந்து, ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கும் ஆம் என்றே சொல்லியாக வேண்டும் என்ற நிலையில்தான் நியூயார்க் நீதிபதிகள் தலையிடுவார்கள். இதில் ஒரு சூட்சுமம்: முரண் இருந்தால் ஜூரியைக் கலைக்கும் முன் வக்கீல் எழுந்து சொல்ல வேண்டும். ஆட்சேபிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு மனு போட்டால், பல இடங்களில் அது எடுபடாது.

பணம் பற்றி. தொகை மிக அதிகம் என்று நீதிபதி நினைத்தால், "இவ்வளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லை மறுவிசாரணைக்குப் போகிறீர்களா?" என்று வாதியிடம் தேர்வைக் கொடுப்பார். 1822-லேயே நீதிபதி ஜோசப் ஸ்டோரி 2,000 டாலர் முடிவில் 500-ஐ விட்டுக்கொடுக்கச் சொல்லி இப்படிச் செய்தார். தேர்வு கொடுக்காமல் தானாகவே குறைத்து எழுதுவதை 1998-ல் உச்ச நீதிமன்றம் தவறு என்றது. தலைகீழாக, தொகை மிகக் குறைவு என்றால் பிரதிவாதியிடம் கூட்டச் சொல்லும் முறையை மத்திய நீதிமன்றங்களில் 1935-லிருந்து அனுமதிப்பதில்லை. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்கள் அனுமதிக்கின்றன. எவ்வளவு என்றால் அதிகம் என்பதற்குப் பழைய அளவுகோல் "மனசாட்சியை அதிரவைக்கும்" தொகை. நியூயார்க் 1986-ல், மருத்துவர்கள் அலட்சிய வழக்குகளுக்காக எடுக்கும் காப்பீட்டில் நெருக்கடி வந்தபோது, அதைத் தளர்த்தியது: நியாயமான இழப்பீட்டிலிருந்து கணிசமாக விலகினாலே போதும். அங்கே மருத்துவ வழக்குத் தொகைகள் அடிக்கடி வெட்டப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இதையும் சட்ட உச்சவரம்பையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கலிபோர்னியாவில் 1975 முதல் 2022 வரை வலி, வேதனை போன்றவற்றுக்கு 2,50,000 டாலர்தான் உச்சமாக இருந்தது. 2023-லிருந்து அது ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. உச்சவரம்புக்காக வெட்டும்போது மறுவிசாரணை என்ற தேர்வெல்லாம் கிடையாது, கணக்குப் போட்டு வெட்டிவிடுவார்கள்.

சரி, நீதிபதி காரணம் சொல்லியாக வேண்டுமா? என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு டெக்சாஸைப் பார்க்க வேண்டும். அங்கே 2009 வரை "நீதியின் நலன் கருதி" என்று ஒரே வரி எழுதிவிட்டு முடிவைத் தள்ளலாம். லாஸ் கொலினாஸ் பகுதியில் உள்ள கொலம்பியா மருத்துவ மையம் மீதான வழக்கில் அதுவே நடந்தது. நோயாளி இறந்த வழக்கு. சுமார் 4 வார விசாரணை. ஜூரி மருத்துவமனை பக்கம் முடிவு சொன்னது. நீதிபதி "நீதியும் நேர்மையும் கருதி" மறுவிசாரணை என்றார். வேறு விளக்கம் இல்லை. மருத்துவமனை மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தனை வாரம் குடிமக்களை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, ஏன் அவர்கள் முடிவைத் தள்ளுகிறோம் என்று தரப்புகளுக்கும் பொதுமக்களுக்கும் சொல்லாமல் விடக்கூடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அது நீதிபதியின் விருப்புரிமை, அதில் ஏன் கைவைக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். 2012-ல் இன்னொரு வழக்கில் காரணம் சட்டப்படி ஏற்கத்தக்கதாகவும், இந்த வழக்குக்கே உரியதாகவும் இருக்க வேண்டும், அச்சடித்த வாசகம் போதாது என்றார்கள். 2013-ல் டொயோட்டா வழக்கில் அந்தக் காரணம் விசாரணை ஆவணத்தோடு பொருந்துகிறதா என்றே பார்த்து, பொருந்தாததால் மறுவிசாரணை உத்தரவை நீக்கினார்கள். நான் பெரும்பான்மை பக்கம்தான். காரணத்தை எழுத உட்காரும்போதுதான் அந்தக் காரணம் நிற்குமா நிற்காதா என்று எழுதுபவருக்கே தெரியும். கலிபோர்னியாவில் 657-ஆவது பிரிவு 7 காரணங்களை வரிசையாக எழுதிவைத்து, எந்தக் காரணம், ஏன் என்று நீதிபதி குறிப்பிட வேண்டும் என்கிறது.

உங்கள் அக்கா இப்போது செய்ய வேண்டியது, அந்த உத்தரவை வக்கீலிடம் வாங்கி முழுதாகப் படிப்பது. என்ன காரணம் என்று பாருங்கள். "சாட்சியங்களின் எடை" என்றால் மேலே போராட இடம் இருக்கிறது. தவறாக அனுமதிக்கப்பட்ட சாட்சியம் அல்லது அறிவுறுத்தல் என்றால் நீதிபதி சொல்வது பெரும்பாலும் நிற்கும். முழு வழக்குக்குமா, இழப்பீட்டுக்கு மட்டுமா என்றும் பாருங்கள். இழப்பீட்டுக்கு மட்டும் என்றால் மருத்துவமனையின் தவறு முடிவானது, பாதி கிணறு தாண்டியாயிற்று.

உடனே மேல்முறையீடு செய்ய முடியுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய நீதிமன்றத்தில் முடியாது. இரண்டாவது விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க்கில் முடியும். டெக்சாஸில், மேற்சொன்ன மருத்துவமனை செய்தது போல, வழக்கமான மேல்முறையீட்டுக்குப் பதிலாக மேல் நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். கெடு எல்லாமே மிகக் குறுகியது. மறுவிசாரணை கேட்கவே மத்திய நீதிமன்றத்தில் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 28 நாள்தான், அதை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. எதிர்த்தரப்பு அந்தக் கெடுவுக்குள் மனு போட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கெடு தவறியிருந்தால் உத்தரவையே கேள்வி கேட்கலாம்.

மறுவிசாரணையில் முதல் ஜூரி என்ன சொன்னது என்று புது ஜூரிக்குத் தெரியவராது. ஆனால் முதல் விசாரணையில் எல்லோரும் சொன்னது எழுத்தில் இருக்கிறது. நிபுணர் ஒருவர் இம்முறை வேறு மாதிரி சொன்னால் அதை வைத்தே மடக்கலாம். நிபுணர்களுக்கு மறுபடி கட்டணம், மறுபடி வாரக்கணக்கில் அலைச்சல். இந்தச் செலவை இரண்டு தரப்பும் கணக்குப் போடும் என்பதால், மறுவிசாரணை உத்தரவுக்குப் பிறகு பல வழக்குகள் செட்டில்மென்ட்டில் முடிகின்றன. முதல் ஜூரி கொடுத்த தொகை மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனத்துக்கு மறந்திருக்காது. பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தால், "ஜெயித்த வழக்கு, எதற்குப் பேச வேண்டும்" என்று கோபத்தில் மறுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.